எண்ணைப் பார்த்து கியர் பெட்டியைக் கழற்றலாமா?

மோட்டார் காருக்கு வாய் உண்டா?

உண்டு! அமெரிக்காவில் ஓடும் பழைய கார்களுக்கு வாய் உண்டு. உடம்புக்கு ஆகவில்லை என்றால் அவை சொல்லிவிடும். ஆனால் வார்த்தையால் சொல்லாது. எண்ணால் சொல்லும்.

காரை ஓட்டுகிறவரின் முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். ஸ்டீரிங்குக்குக் கீழே, 16 முனைகள் கொண்ட ஒரு சொருகு வாய் இருக்கிறது. அதில் ஒரு சிறு கருவியைச் சொருகினால், “பி 0753” என்பதுபோல் ஓர் எண் தெரியும். அதுதான் கார் சொல்லும் குறை.

இந்த எண்ணால் குடும்பத்துக்கு நன்மையும் உண்டு, நஷ்டமும் உண்டு. எண்ணைப் பார்த்த உடனே, “கியர் பெட்டி போய்விட்டது. இறக்கிப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும்” என்று சொல்லிவிடுகிற பட்டறைகள் இருக்கின்றன. அதற்கு ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். பழைய காரை விற்றால்கூட அவ்வளவு பணம் வராது. “இவ்வளவு செலவு எதற்கு?” என்று சொந்தக்காரர் காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்.

பஸ் வசதி இல்லாத ஊர்கள் அமெரிக்காவில் நிறைய உண்டு. அங்கே கார் போனால் வேலைக்குப் போக முடியாது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட முடியாது. கார் அங்கே ஆடம்பரம் அல்ல, பிழைப்பு! 2024-ம் ஆண்டுக் கணக்குப்படி, அந்த நாட்டில் ஓடும் கார்களின் சராசரி வயது 12.6 ஆண்டு. பழைய காரை நம்பி வாழ்கிறவர்கள் எத்தனை பேர் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

போனது கியர் பெட்டியா? அல்லது சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ஒரு பியூசா? எண்ணை மட்டும் பார்த்து இதைச் சொல்ல யாராலும் முடியாது. எண் என்பது புகார். அது தீர்ப்பு அல்ல.

தானே மாறும் கியர்

இதைப் புரிந்துகொள்ள, கியர் பெட்டியின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாதாரண காரில் காலால் கிளட்சை மிதித்து, கையால் கியரை மாற்ற வேண்டும். இந்தத் தொல்லை இல்லாத காரை “ஜெனரல் மோட்டார்ஸ்” கம்பெனி 1939-ம் ஆண்டில் அறிவித்தது. “ஹைட்ரமாட்டிக்” என்பது அந்தக் கியர் பெட்டியின் பெயர். 1940-ம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் அது வந்தது. பிறகு அமெரிக்காவில் தானியங்கி கியர் கார்களே பெருகிவிட்டன.

அதில் என்ன நடக்கிறது?

இரண்டு மின்விசிறிகளை எதிர் எதிராக வைத்து, ஒன்றை மட்டும் ஓட விட்டால், அதன் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? கியர் பெட்டியின் வாசலில் இதே வேலை நடக்கிறது. காற்றுக்குப் பதில் எண்ணெய். எஞ்சின் ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அது தள்ளும் எண்ணெயின் வேகத்தில் எதிர்ச் சக்கரம் சுற்றுகிறது. இதற்கு “டார்க் கன்வெர்ட்டர்” என்று பெயர்.

உள்ளே கியர்கள் எப்போதும் ஒன்றோடு ஒன்று கோத்தபடியே இருக்கும். எந்தக் கியரைப் பிடிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பதைச் சிறு சிறு கிளட்சுகள் செய்கின்றன. அந்தக் கிளட்சுகளை அழுத்துவது எண்ணெய். ஆகவே, எண்ணெய்தான் அங்கே கை. எண்ணெய்தான் அங்கே கால்.

பழைய நாளில், எப்போது கியர் மாற வேண்டும் என்பதையும் எண்ணெயின் அழுத்தமே தீர்மானித்தது. 1980, 1990-களில் அந்த வேலை கம்ப்யூட்டர் கைக்குப் போயிற்று. கம்ப்யூட்டர் எண்ணெயை எப்படி ஆளும்? அதற்குத்தான் “சொலினாய்டு” இருக்கிறது. அது ஒரு கம்பிச் சுருள். மின்சாரம் பாய்ந்தால் ஒரு சிறு முளையை இழுக்கும். எண்ணெயின் வழி மாறும். வயலில் மடையைத் திறந்து, அடைத்து, தண்ணீரைத் திருப்புவது போன்ற வேலை.

இரண்டு மடை, நாலு கியர்

ஓர் உதாரணம் பார்க்கலாம். 1993-ம் ஆண்டு முதல் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் “4 எல் 60-இ” என்ற கியர் பெட்டி வந்தது. லட்சக்கணக்கான வண்டிகளில் அது பொருத்தப்பட்டது. அதில் நாலு கியர் உண்டு. நாலு கியரையும் மாற்றும் சொலினாய்டுகள் இரண்டே இரண்டுதான்!

இரண்டுக்கும் மின்சாரம் போனால் முதல் கியர். முதல் சொலினாய்டில் மட்டும் மின்சாரம் நின்றால் இரண்டாம் கியர். இரண்டிலும் நின்றால் மூன்றாம் கியர். முதலாவதுக்கு மட்டும் மறுபடி மின்சாரம் வந்தால் நாலாம் கியர்.

இதைக் கவனித்தால் ஓர் உண்மை புரியும். ஏதோ காரணத்தால் இரண்டு சொலினாய்டுக்கும் மின்சாரம் வரவில்லை என்றால், கார் எந்தக் கியரில் நிற்கும்? மூன்றாம் கியரில்! புறப்படும்போதே மூன்றாம் கியர். பாரம் ஏற்றிய மாட்டு வண்டி மேட்டில் திணறுவதுபோல் கார் திணறும். ஓட்டுகிறவர், “கியர் பெட்டி செத்துவிட்டது” என்று பயந்துபோவார்.

ஆனால் கியர் பெட்டி சாகவில்லை. ஒரு பியூஸ் எரிந்திருக்கலாம். ஓர் ஒயர் அறுந்திருக்கலாம். சொருகு முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கலாம். மின்சாரம் இல்லாவிட்டாலும் கார் மெதுவாக வீடு போய்ச் சேரட்டும் என்றுதான் இப்படி அமைத்திருக்கிறார்கள். காப்பாற்ற வைத்த ஏற்பாட்டையே சாவு என்று நினைக்கலாமா?

எண்ணைப் படிக்கும் முறை

எண்ணுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. “பி 0753” என்பதை எடுத்துக்கொள்ளலாம்.

“பி” என்றால் எஞ்சினும் கியர் பெட்டியும் சேர்ந்த பகுதி. அடுத்த “0” என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண். அந்த இடத்தில் “1” இருந்தால், அந்தக் கம்பெனியின் சொந்த எண். “7” என்றால் கியர் பெட்டி. “50” முதல் “54” வரை முதல் சொலினாய்டின் எண்கள்.

இதில் கடைசி எண்தான் முக்கியம்! “0751” என்றால், சொலினாய்டு தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை. “0752” என்றால், ஒரே நிலையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. “0753” என்றால், அதன் மின்சார வழியில் கோளாறு. “0754” என்றால், கோளாறு வந்து வந்து போகிறது.

0751-க்கும் 0753-க்கும் எவ்வளவு வித்தியாசம்! முன்னது வந்தால், எண்ணெய் வழியில் அழுக்கு அடைத்திருக்கிறதா, முளை சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னது வந்தால், முதலில் ஒயரையும் சொருகையும் சுருளையும் பார்க்க வேண்டும். ஓர் எண் மாறினால் வேலையே மாறிவிடும். “சொலினாய்டு எண் வந்திருக்கிறது” என்று மட்டும் சொல்கிறவர் பாதி விஷயத்தைத்தான் சொல்கிறார்.

இன்னொன்றும் உண்டு. 0753-ம், இரண்டாம் சொலினாய்டின் மின்சார எண்ணான 0758-ம் ஒரே சமயத்தில் வந்தால் என்ன அர்த்தம்? இரண்டு சொலினாய்டும் ஒரே நாளில் கெட்டுப்போவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவாக மின்சாரம் வரும் வழியையே சந்தேகிக்க வேண்டும். தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு அணைந்தால், வீட்டுக்கு வீடு பல்பை மாற்றுகிறவர் உண்டா?

மணி அடித்தால் போதுமா?

“பி 0700” என்ற எண் பலரை ஏமாற்றுகிறது. இதைப் பார்த்ததும், “கியர் பெட்டிக் கோளாறு” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

உண்மையில் இந்த எண் எந்த நோயையும் சொல்லவில்லை. பல கார்களில் எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர். கியர் பெட்டிக்கு இன்னொரு கம்ப்யூட்டர். “என்னிடம் ஓர் எண் பதிவாகியிருக்கிறது. வந்து கேள்” என்று கியர் கம்ப்யூட்டர் எஞ்சின் கம்ப்யூட்டரிடம் சொல்கிறது. அந்த அழைப்பு மணிதான் 0700. மலிவான கருவிகளில் பல, எஞ்சின் கம்ப்யூட்டரோடு மட்டுமே பேசும். மணி அடித்ததை மட்டும் அவை சொல்லும். எதற்காக அடித்தது என்பதை அறிய, கியர் கம்ப்யூட்டரோடும் பேசக்கூடிய கருவி வேண்டும்.

கணக்கு சொல்லும் உண்மை

“பி 0730” என்பது இன்னொரு எண். “கியர் கணக்கு சரி இல்லை” என்பது இதன் பொருள்.

மூன்றாம் கியரில் உள்ளே எத்தனை சுற்றோ, வெளியேயும் அத்தனை சுற்று என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே நிமிஷத்துக்கு 2000 சுற்று என்றால், வெளியேயும் 2000 வர வேண்டும். 1700-தான் வருகிறது என்றால், 300 சுற்று எங்கே போயிற்று? கம்ப்யூட்டர் இதைக் கண்டுபிடித்து எண்ணைப் பதிவு செய்கிறது.

ஆனால் காரணம் என்ன? மூன்று காரணம் இருக்கலாம். கிளட்ச் தேய்ந்து வழுக்கலாம். எண்ணெய் குறைந்ததால் அழுத்தம் போதாமல் வழுக்கலாம். அல்லது, வழுக்கவே இல்லாமல், சுற்றை எண்ணிச் சொல்லும் “சென்சார்” பொய் சொல்லலாம்.

பொய் சொல்வது யார் என்று எப்படித் தெரியும்? காரை ஓட்டியபடியே, கருவியில் ஓடும் எண்களைப் பார்க்க வேண்டும். வெளிச் சுற்று 1700 காட்டுகிறது, கண் இமைப்பதற்குள் 0 காட்டுகிறது, மறுபடி 1700! ஓடுகிற கார் ஒரு நொடிக்குள் நின்று, மறு நொடிக்குள் ஓடுமா? ஓடாது. ஆகவே பொய் சொல்வது சென்சார் அல்லது அதன் ஒயர். அப்படி இல்லாமல், எஞ்சின் சத்தம் ஏறுகிறது, கார் மட்டும் வேகம் எடுக்கவில்லை, எண்களும் அதையே நிதானமாகக் காட்டுகின்றன என்றால், வழுக்கல் உண்மை.

ஒரே எண்! ஒன்றில் போவது சென்சார். மற்றொன்றில் போவது கியர் பெட்டி. எண்ணை மட்டும் பார்த்தவர் எப்படித் தீர்ப்பு சொல்ல முடியும்?

விளக்கு எதற்காக வந்தது?

இந்த எண்கள் கார்க்காரரின் பணத்தைக் காப்பதற்காக வந்தவை அல்ல. ஊர்க் காற்றைக் காப்பதற்காக வந்தவை. கார்ப் புகையால் மிகவும் அவதிப்பட்ட கலிபோர்னியா மாகாணம் இதில் முன்னால் நின்றது. பிறகு 1996-ம் ஆண்டு மாடல் முதல், அமெரிக்காவில் விற்கும் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் ஒரேமாதிரியான சொருகு வாயும், ஒரேமாதிரியான எண்களும் கட்டாயம் ஆயின.

அதற்கு முன்னால் கம்பெனிக்கு ஒரு பாஷை! ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இரண்டு முனைகளை ஒரு துண்டு ஒயரால் இணைப்பார்கள். விளக்கு கண் சிமிட்டும். ஒரு சிமிட்டல், சற்று இடைவெளி, பிறகு இரண்டு சிமிட்டல் என்றால் 12. ஹோண்டா கார்களில் “டி 4” விளக்கு கண் சிமிட்டும். டொயோட்டாவில் “ஓ.டி. ஆஃப்” விளக்கு சிமிட்டும். தந்தி ஆபீசில் கட்டுக்கடகட என்ற ஒலியைக் கேட்டு எழுதியதுபோல், மெக்கானிக்குகள் சிமிட்டலை எண்ணி எழுதினார்கள்.

விளக்கின் வேலை புகையைக் கவனிப்பது. ஆகவே, கியர் பெட்டி உள்ளே தேய்ந்துகொண்டிருந்தாலும் சில சமயம் விளக்கு எரியாது. எண் வந்தால் கியர் பெட்டி கெட்டது என்பதும் தவறு. எண் வராவிட்டால் நன்றாக இருக்கிறது என்பதும் தவறு.

எதை முதலில் பார்ப்பது?

மலிவானதை முதலில் பார்ப்பது. விலை உயர்ந்ததைக் கடைசியில் பார்ப்பது. இதுதான் குடும்பத்துக்கு ஏற்ற முறை.

முதல் காரியம், எல்லா எண்களையும் எழுதி வைப்பது. எண் பதிவான நேரத்தில் காரின் வேகம், எஞ்சினின் சுற்று, சூடு ஆகியவற்றையும் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும். அவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதும் முன்னால் எண்ணை அழிப்பதும், பாட்டரியைக் கழற்றுவதும் கூடாது. அது சாட்சியை விரட்டுவது போன்றது.

இரண்டாவது, எண்ணெய். அளவு சரியா? நிறம் என்ன? வாசனை என்ன? பெரும்பாலான கார்களில் எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது, சமதரையில் நிறுத்தி அளக்க வேண்டும். சில கார்களில் முறை வேறு. ஹோண்டா கார்களில் எஞ்சினை நிறுத்திவிட்டு அளக்க வேண்டும். ஆகவே அந்தக் காரின் புத்தகத்தைப் பார்ப்பது நல்லது. எண்ணெய் கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் கிளட்சுகள் எரிந்திருக்கலாம். எண்ணெயின் ஜாதியும் முக்கியம். காருக்குச் சொன்ன எண்ணெய் ஒன்று, ஊற்றியது வேறு என்றால், கியர் நடுங்கும்.

மூன்றாவது, பாட்டரி, பியூஸ், ஒயர், சொருகு முனை. பாட்டரி பலவீனமாக இருந்தால் கம்ப்யூட்டர் தாறுமாறாக எண் சொல்லும்.

நான்காவது, எஞ்சின். எஞ்சின் குதித்து ஓடினால், கியர் நடுங்குவதுபோலவே இருக்கும். முடுக்கியை எவ்வளவு மிதித்திருக்கிறார்கள் என்று சொல்லும் சென்சார் கெட்டாலும், கியர் நேரம் தவறி மாறும்.

ஐந்தாவது, மீட்டர் வைத்து அளப்பது. சொலினாய்டின் சுருளுக்கு இத்தனை “ஓம்” இருக்க வேண்டும் என்று காரின் புத்தகத்தில் இருக்கும். அளந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

ஆறாவது, எண்ணெய்த் தட்டைக் கழற்றிப் பார்ப்பது. காந்தத்தில் கொஞ்சம் சாம்பல் நிறக் களிம்பு இருந்தால் பயப்பட வேண்டாம். அது சாதாரணத் தேய்மானம். இரும்புச் சில்லுகள் பளபளத்தால் கெட்ட செய்தி. பல கார்களில் கியர் பெட்டியை இறக்காமல், இந்தத் தட்டைக் கழற்றியே சொலினாய்டையும் மாற்றிவிடலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான், கியர் பெட்டியை இறக்குவது என்ற பேச்சு வர வேண்டும்.

மெக்கானிக் பக்கமும் நியாயம் உண்டு

மெக்கானிக்குகள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்களா? இல்லை. அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது.

சோதனைக்கு நேரம் ஆகும். ஓர் ஒயரைத் தேடிக் கண்டுபிடிக்க அரை நாள்கூட ஆகலாம். “ஒன்றையும் மாற்றவில்லையே! சும்மா பார்த்ததற்கு இவ்வளவு கூலியா?” என்று கார்க்காரர் சண்டைக்கு வருகிறார். சாமான் மாற்றினால் பணம். யோசித்தால் பணம் இல்லை! அப்படி இருந்தால், எந்த மெக்கானிக் யோசிப்பார்? சாமானைத்தான் மாற்றுவார்.

ஆகவே, குற்றம் பட்டறையில் மட்டும் இல்லை. பல ஊர்களில் உதிரிச் சாமான் கடைகளிலேயே எண்ணை இலவசமாகப் படித்துச் சொல்கிறார்கள். அது நல்ல உதவிதான். ஆனால் எண்ணைப் படிப்பது வேறு. நோயைக் கண்டுபிடிப்பது வேறு. வைத்தியர் நாடி பார்ப்பதற்குக் காசு கொடுக்கிறவர், காருக்கு நாடி பார்ப்பதற்கு மட்டும் முகம் சுளிக்கலாமா? சோதனைக்குச் சில நூறு டாலர் கொடுத்தாலும் நஷ்டம் இல்லை. அது சில ஆயிரம் டாலரைக் காக்கும்.

சில சமயம், எல்லாச் சோதனைக்கும் பிறகு, கியர் பெட்டி உண்மையிலேயே போயிருக்கும். அப்போது செலவு செய்வதா, காரை விடுவதா என்று குடும்பத்தார் கூடி முடிவு செய்யலாம். அது உண்மை தெரிந்து செய்யும் முடிவு. மனம் ஆறும்.

சட்டம் தரும் துணை

கலிபோர்னியாவில் 1971-ம் ஆண்டிலேயே கார் பழுது பார்க்கும் தொழிலுக்கு ஒரு சட்டம் வந்தது. அதன்படி, வேலை தொடங்கும் முன்னால் செலவு இவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சொந்தக்காரர் சம்மதம் இல்லாமல் அதற்கு மேல் வாங்கக் கூடாது. முன்கூட்டிக் கேட்டால், கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சில சாமான்களுக்கு விலக்கு உண்டு.

மாசசூசெட்ஸ் மாகாணத்தில் 2012-ம் ஆண்டு மக்களே வாக்களித்து ஒரு முடிவு செய்தார்கள். காரைப் பழுது பார்க்கத் தேவையான விவரங்களைக் கம்பெனிகள் தங்கள் சொந்தப் பட்டறைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதாது. வெளிப் பட்டறைகளுக்கும், சொந்தக்காரர்களுக்கும் விலைக்குக் கொடுக்க வேண்டும் என்பது அந்த முடிவு. 2014-ம் ஆண்டு கம்பெனிகள் இதை நாடு முழுவதற்கும் ஒப்புக்கொண்டன. கார் சொல்லும் குறையைக் கேட்கும் உரிமை, காருக்குப் பணம் கொடுத்தவருக்கு உண்டு. இது நியாயம்தானே?

சட்டம் இருந்தால் போதாது. கேட்கத் தெரிய வேண்டும். பட்டறைக்குப் போகிறவர் மூன்றே மூன்று கேள்விகள் கேட்டால் போதும்.

“முழு எண் என்ன? எழுதிக் கொடுங்கள்.”

“எந்தெந்தச் சோதனை செய்து பார்த்தீர்கள்?”

“அளந்தபோது என்ன வந்தது? என்ன வந்திருக்க வேண்டும்?”

இந்த மூன்றுக்கும் பதில் சொல்கிற மெக்கானிக்கிடம் தைரியமாகக் காரை ஒப்படைக்கலாம். அவர் கேட்கும் கூலியையும் மகிழ்ச்சியோடு கொடுக்கலாம். “எண் வந்துவிட்டது, பெட்டியை இறக்க வேண்டியதுதான்” என்று மட்டும் சொல்கிறவரிடம், ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, அடுத்த பட்டறைக்குப் போவதே நல்லது!